சிரித்தவர்களும் நாமே, அழுபவர்களும் நாமே

லண்டனின் வடபகுதியில் கேம்டன் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. மரங்கள் சூழ்ந்த குடியிருப்புப் பகுதி. 2011ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகலில், அங்குள்ள தமது வீட்டில் பாடகி ஏமி வைன்ஹவுஸ் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 27.

செய்தி பரவிய சில மணி நேரத்திலேயே ரசிகர்கள் அங்கு வரத் தொடங்கினர். மரத்தடியில் பூங்கொத்துகள் குவிந்தன. மெழுகுவத்திகள் எரிந்தன. கையால் எழுதிய கடிதங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் என்று அந்தக் குவியல் நாளுக்கு நாள் வளர்ந்தது. சதுக்கத்தின் பெயர்ப்பலகைகளிலும் ரசிகர்கள் எழுதினர். சில பலகைகள் காணாமலே போயின.

அந்த அஞ்சலியின் படங்களை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். கூர்ந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பூக்களுக்கு நடுவே வோட்கா பாட்டில்கள் நிற்கின்றன. ஒயின் கிண்ணங்கள் இருக்கின்றன. சிகரெட்டுகள் கிடக்கின்றன. ஏமிக்குப் பிடித்தவை என்று நினைத்து ரசிகர்கள் கொண்டுவந்து வைத்தவை அவை.

அவர் எதனால் இறந்தார் என்பது அன்று உறுதியாகத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. மதுதான் காரணம்.

அப்போது எனக்கு ஆறு வயது. ஏமி யார் என்றே தெரியாது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்காக நான் வருந்தினேன். அதற்கு முன்பு அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதாமல் அந்த வருத்தத்தைப் பற்றி எழுத முடியாது.

குழு அரட்டையில் வந்த காணொளி

தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, எங்கள் நண்பர்களின் குழு அரட்டையில் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பினார். ஒரு பெண் மேடையில் தள்ளாடுகிறார். பாட வேண்டிய இடத்தில் பாடாமல் நிற்கிறார். வரிகளை மறக்கிறார். இரு கைகளாலும் தம்மைத் தாமே அணைத்துக்கொள்கிறார். பின்னால் இசைக்குழு வாசித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டம் கூச்சலிட்டுக் கேலி செய்கிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் என்பதால், “நாளைக்குக் கணிதத் தேர்வில் நான்” என்று நண்பர் அதற்குத் தலைப்பு கொடுத்திருந்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரிக்கும் முகக்குறி மூன்றைப் போட்டேன்.

சில வாரங்கள் கழித்து, பேருந்தில் போகும்போது பாடல் செயலி தானாகவே ஒரு பாடலை ஒலிக்கவிட்டது. குரல் புதிதாக இருந்தது. அறுபது வயதுப் பாடகி ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பாடிய பழைய பதிவு என்றுதான் நினைத்தேன். பெயரைத் தேடியபோது வந்த படத்தில் இருந்தவர் அந்தக் காணொளியில் பார்த்த அதே பெண்.

அந்தக் காணொளி செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடில் 2011 ஜூன் 18ஆம் தேதி எடுக்கப்பட்டது. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி அது. ஏறக்குறைய 20,000 பேர் வந்திருந்தனர். அதற்குப் பிறகு பயணத்தின் மற்ற நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன. சரியாக ஐந்து வாரத்தில் அவர் இறந்துவிட்டார்.

மரணத்தின் விளிம்பில் நின்ற ஒருவரைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வரம் மட்டுமல்ல, உழைப்பும்

ஏமி 1983 செப்டம்பர் 14ஆம் தேதி வடலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பிற்காலத்தில் டாக்சி ஓட்டியவர். தாயார் மருந்தாளர். ஏமிக்கு ஒன்பது வயதானபோது பெற்றோர் பிரிந்தனர். தந்தைவழிப் பாட்டி சிந்தியா ஒரு பாடகி. ஏமிக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

சக வயதுப் பிள்ளைகள் அன்றைய பாப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏமி சாரா வான், டைனா வாஷிங்டன், டோனி பென்னட் போன்ற ஜாஸ் பாடகர்களின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். அண்ணன் அலெக்சின் கிட்டாரை எடுத்து வாசிக்கக் கற்றார். பதின்ம வயதிலேயே பிரிட்டனின் தேசிய இளையர் ஜாஸ் இசைக்குழுவுடன் பாடினார். தம் பாடல்களைத் தாமே எழுதினார்.

முதல் இசைத்தொகுப்பான ‘ஃபிராங்க்’ 2003இல் வெளியானபோது அவருக்கு வயது 20. இன்று எனக்கும் அதே வயதுதான். இரண்டாவது தொகுப்பான ‘பேக் டு பிளாக்’ 2006 அக்டோபரில் வந்தது. 1960களின் சோல் இசையும் இன்றைய லண்டன் பெண்ணின் பேச்சுமொழியும் அதில் ஒன்றுசேர்ந்தன. உலகெங்கும் 10 மில்லியனுக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின.

2008 பிப்ரவரி 10ஆம் தேதி நடந்த கிராமி விருது விழாவில் அவருக்கு ஐந்து விருதுகள் கிடைத்தன. ஒரே விழாவில் ஐந்து கிராமி வென்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். விசா தாமதமாகக் கிடைத்ததால் அவரால் அமெரிக்கா செல்ல இயலவில்லை. லண்டனில் இருந்தபடியே துணைக்கோள வழியாகப் பாடினார். ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான விருதை அறிவித்தவர்களில் ஒருவர் டோனி பென்னட். சிறுவயதிலிருந்து தாம் கேட்டு வளர்ந்த பாடகரின் வாயிலிருந்து தம் பெயர் வந்ததும், ஏமி நம்ப முடியாமல் அப்படியே நிற்கிறார். ஆசிஃப் கபாடியா இயக்கிய ‘ஏமி’ ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. 2016இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற படம் அது.

அந்த இரவில், போதைப்பொருள் இல்லாமல் எல்லாமே சலிப்பாக இருக்கிறது என்று ஏமி தம்மிடம் சொன்னதாக அவரின் பால்ய தோழி அதே படத்தில் நினைவுகூர்கிறார். வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைக்கூட உணர முடியாத நிலைக்கு நோய் அவரைக் கொண்டுபோயிருந்தது.

வேடிக்கை பார்த்த காலம்

அவரை உலகப் புகழுக்குக் கொண்டுசென்ற ‘ரீஹேப்’ பாடல், போதைச் சிகிச்சைக்குப் போக மறுத்ததைப் பற்றியது. நியூயார்க்கில் நடந்துபோகும்போது ஏமி அந்தச் சம்பவத்தைச் சொல்ல, அதைப் பாடலாக்கலாமே என்று தயாரிப்பாளர் மார்க் ரான்சன் யோசனை கூறினார். அப்படிப் பிறந்த பாடல் அது. பாடல் அருமையானது. ஆனால் சிகிச்சை தேவைப்பட்ட ஒருவர் அதை மறுத்த கதைக்கு உலகமே கைதட்டி ஆடியது என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

பாடல் புகழ்பெற்றதும் கேலியும் தொடங்கியது. படக்காரர்கள் இரவு பகலாக அவர் வீட்டு வாசலில் நின்றனர். அவர்களின் தொல்லை தாங்காமல் 2009இல் அவர் உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு பெற வேண்டியிருந்தது. மெலிந்த உடலும் கலைந்த ஒப்பனையும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தன. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு அவர் பெயரே ஒரு நகைச்சுவையானது. தேன்கூடுபோல் உயர்ந்த கூந்தலும் தடித்த கண்மையும் ஹாலோவீன் வேடமாயின. அந்த வேடத்தோடு கையில் ஒரு பாட்டிலும் சேர்ந்துகொண்டது.

ஏமி எப்போது இறப்பார் என்று தேதியை ஊகிக்கச் சொல்லி, சரியாகச் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்த இணையப் பக்கம்கூட ஒன்று இருந்தது.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் யாரோ சில கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் இறந்த பிறகு பல ரசிகர்கள் அப்படித்தான் செய்தனர். தந்தையைக் குறை சொன்னார்கள். முன்னாள் கணவரைக் குறை சொன்னார்கள். மேலாளர்களை, செய்தியாளர்களைக் குறை சொன்னார்கள். யார்மீது எவ்வளவு பழி என்று முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். படம் விற்பனையானது என்றால் வாங்கியவர்கள் இருந்தார்கள். நகைச்சுவை எடுபட்டது என்றால் சிரித்தவர்கள் இருந்தார்கள். 2011இல் கேம்டன் சதுக்கத்தில் அழுதவர்களில் சிலர் 2008இல் சிரித்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். 2022இல் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

மரணம் எப்படி நேர்ந்தது

ஏமி போதைப்பொருளால் இறந்தார் என்று இன்றும் பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. பரிசோதனையில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் அவர் உடலில் காணப்படவில்லை. மரண விசாரணையில் தெரியவந்தது இதுதான்: அவரது ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 416 மில்லிகிராம் மது இருந்தது. அப்போது பிரிட்டனில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 80 மில்லிகிராமாக இருந்தது. அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். அந்த அளவு மது, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையே செயலிழக்கச் செய்துவிடும்.

அதைவிட வேதனையான தகவல் ஒன்று உண்டு. இறப்பதற்கு முன்பு சில வாரங்கள் அவர் மதுவைத் தொடவில்லை. பிறகு மீண்டும் குடிக்கத் தொடங்கினார். மதுவை நிறுத்தியவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. பழையபடியே குடித்தால் அதுவே உயிரைக் குடிக்கும். அதேபோல், நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு போன்ற ஆபத்துகள் நேரலாம். “மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம்” என்று நாம் எளிதாகச் சொல்வது எவ்வளவு தவறு என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்கு வேறொரு நோயும் இருந்தது. பதின்ம வயதிலிருந்தே உண்ணல் கோளாறு அவரை வாட்டியது. அது அவரது உடலைப் பலவீனமாக்கி, ஆபத்தை அதிகமாக்கியது என்று அண்ணன் அலெக்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். அவர் மெலிந்ததைக் கேலி செய்த தலைப்புச் செய்திகள் எதிலும் அந்த நோயின் பெயர் இருந்திருக்குமா?

முகம் தெரியாதவருக்காக அழலாமா?

ஏமி இறந்ததற்கு முந்தைய நாள், ஜூலை 22ஆம் தேதி, நார்வேயில் நடந்த தாக்குதல்களில் 77 பேர் கொல்லப்பட்டனர். பலர் பதின்ம வயதினர். அத்தனை பேர் இறந்திருக்கும்போது குடித்து இறந்த ஒரு பாடகிக்காகவா அழுகிறீர்கள் என்று அப்போது சமூக ஊடகங்களில் கேள்வி எழுந்தது.

என் தோழி ஒருத்தியும் என்னிடம் கிட்டத்தட்ட இதையே கேட்டாள். “உனக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் உன்னைத் தெரியாது. பிறகு ஏன் வருந்துகிறாய்?”

யோசித்துப் பார்த்தேன். துக்கம் என்பது பங்கு போட்டுக் கொடுக்கும் பொருள் இல்லை. ஒருவருக்காக அழுதால் மற்றவருக்குக் குறைந்துவிடாது. ஒரு குரல் நம் தனிமையில் நம்மோடு இருந்திருக்கிறது. வெளியில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை அந்தக் குரல் நமக்காகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் இறந்தால் வலிக்கத்தான் செய்யும். அது போலித்தனம் இல்லை. ஏமியின் பெற்றோரே கேம்டன் சதுக்கத்துக்கு வந்து, குவிந்திருந்த மலர்களையும் கடிதங்களையும் பார்த்து, ரசிகர்களுக்கு நன்றி சொன்னார்கள்.

எனவே அழுவதில் தவறில்லை. ஆனால் நாம் எதை எண்ணி அழுகிறோம் என்பதில் ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது.

துயரம்தான் பாட்டைத் தந்ததா?

திறமையான கலைஞர் இளவயதில் இறந்தால் உடனே ஒரு கதை பிறந்துவிடுகிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜேனிஸ் ஜோப்ளின், ஜிம் மோரிசன், கர்ட் கோபேன் ஆகிய எல்லாரும் 27 வயதில் இறந்தவர்கள். அந்த வரிசையில் ஏமியும் சேர்ந்தார் என்று எழுதுவார்கள், ஏதோ ஒரு கௌரவச் சங்கத்தில் உறுப்பினர் ஆனதைப்போல. வேதனைப்பட்டதால்தான் அவரால் அப்படிப் பாட முடிந்தது, நலமாக இருந்திருந்தால் அந்தப் பாடல்கள் கிடைத்திருக்கா என்றும் சொல்வார்கள்.

நானும் சில காலம் அப்படி நம்பினேன். பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

‘பேக் டு பிளாக்’ 2006இல் வெளிவந்தது. அவர் இறந்தது 2011இல். இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில்தான் நோய் உச்சத்தில் இருந்தது. துயரம்தான் பாட்டைத் தரும் என்றால், அந்த ஆண்டுகளில் பாடல்கள் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரு புதிய இசைத்தொகுப்புகூட வெளிவரவில்லை. காதல் தோல்வியைப் பற்றி அவர் எழுதினார் என்பது உண்மைதான். அதைப் பாட்டாக்கியது, சிறுவயதிலிருந்து கேட்ட ஜாஸ் இசையும், கிட்டாரோடு கழித்த மணிநேரங்களும், சொற்களின்மீது அவருக்கிருந்த பிடிப்பும். நோய் அவருக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை. பாட்டை அவரிடமிருந்து பறித்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் டோனி பென்னட். 2011 மார்ச்சில், லண்டனின் ஏபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரும் ஏமியும் ‘பாடி அண்ட் சோல்’ என்ற பழைய ஜாஸ் பாடலைச் சேர்ந்து பாடினர். ஏமிக்கு வயது 27. பென்னட்டுக்கு 84. ஆவணப்படத்தில் அந்த ஒலிப்பதிவையும் பார்க்கலாம். ஏமி பதற்றப்படுகிறார். சரியாக வரவில்லை என்று தம்மீதே கோபப்படுகிறார். பெரியவர் பொறுமையாகத் தைரியம் சொல்கிறார். மீண்டும் பாடுகிறார்கள். இந்த முறை குரல் திறந்துகொள்கிறது.

பென்னட்டும் 1970களில் போதைப்பழக்கத்தில் சிக்கித் தவித்தவர். அதிலிருந்து மீண்டார். மீண்டதால் அவரது இசை மங்கிவிடவில்லை. 2021 ஆகஸ்டில், 95 வயதில், நியூயார்க்கில் லேடி காகாவுடன் மேடையேறிப் பாடினார். 2023இல் 96 வயதில் காலமானார். நலம்பெற்ற கலைஞர் இன்னும் நாற்பது ஆண்டுகள் பாடுவார் என்பதற்கு அவரே சான்று.

ஏமியும் பென்னட்டும் பாடிய அந்தப் பாடல் 2011 செப்டம்பர் 14ஆம் தேதி வெளியானது. ஏமி உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 28ஆவது பிறந்தநாள். அவர் கடைசியாகப் பதிவுசெய்த அந்தப் பாடலுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

பாட்டி எடுத்துவைத்த கோப்பி

இங்கே என் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அம்மாவின் தம்பி, என் மாமா, குடிப்பவர். குடும்பத் திருமணங்களில் அவர் வந்துவிட்டால் கலகலப்புதான். குடித்துவிட்டு ஆடுவார். ஒரு திருமண விருந்தில் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். பிள்ளைகள் நாங்கள் அதைத் திறன்பேசியில் படமெடுத்தோம். பல முறை போட்டுப் பார்த்துச் சிரித்தோம். பெரியவர்களும் சிரித்தார்கள். “உங்க மாமா வந்தாத்தான் கல்யாணமே கல்யாணம் மாதிரி இருக்கு” என்பார்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துப்போகலாமா என்று பாட்டி கேட்டால் மட்டும் எல்லாரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

மாமா கல்லீரல் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 44. நான் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன்.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். கோழிக்கறி, வடை, வெற்றிலை. உறவினர் ஒருவர் ஒரு பிராந்தி பாட்டிலைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் வழக்கம் அப்படி. இறந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். பாட்டி எழுந்துவந்தார். பாட்டிலை எடுத்து உறவினர் கையிலேயே கொடுத்தார். “என் பிள்ளைக்கு இது பிடிக்கல தம்பி. இது அவனைப் பிடிச்சிக்கிச்சு” என்றார். சமையலறைக்குப் போய், கறுப்புக் கோப்பி ஒரு குவளை கலக்கிக்கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் கேம்டன் சதுக்கத்தின் படங்களைப் பார்த்தேன். பூக்களுக்கு நடுவே அந்த வோட்கா பாட்டில்களைப் பார்த்ததும் பாட்டியின் நினைவு வந்தது. ரசிகர்கள் ஏமியை நேசித்தார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைக் கொன்றதையே அவருக்குப் பிடித்தது என்று நினைத்துவிட்டார்கள். நோயையும் மனிதரையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாங்களும் மாமாவை அப்படித்தான் பார்த்தோம்.

‘குடிகாரர்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண் என்றால் அந்தச் சொல் இன்னும் கடுமையாகிறது. நீரிழிவு வந்தவரை யாரும் நோயின் பெயர் சொல்லி அழைத்துச் சிரிப்பதில்லை. குடிநோயில் மட்டும் நோயையே ஒருவரின் பெயராக்கிவிடுகிறோம்.

இன்னும் முடியாத கதை

இதெல்லாம் பழைய கதை, இப்போது உலகம் மாறிவிட்டது என்று சொல்லலாம். 2024 அக்டோபர் 16ஆம் தேதி, ‘ஒன் டைரக்‌ஷன்’ குழுவின் முன்னாள் பாடகர் லியாம் பெய்ன், அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரஸ் நகரில் ஹோட்டல் மாடத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 31. மதுப்பழக்கத்தோடு தாம் போராடுவதை அவரே வெளிப்படையாகப் பேசியிருந்தார். இறப்பதற்கு முன்பு அவர் இணையத்தில் எவ்வளவு கேலிக்கு ஆளானார் என்பது என் வயதினர் பலருக்கு நினைவிருக்கும். இறந்த மறுநாள் அதே தளங்களில் கண்ணீர் நிறைந்தது. அவரது உடலின் படத்தின் ஒரு பகுதியை வெளியிட்ட செய்தித்தளம் ஒன்று, எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கியது.

ஏமியின் காலத்தில் படக்காரர்கள் தெருவில் நின்றார்கள். இன்று படக்கருவி நம் எல்லார் கையிலும் இருக்கிறது.

அஞ்சலி எப்படி இருக்கலாம்

ஏமியின் குடும்பம் 2011 செப்டம்பர் 14ஆம் தேதி, அவரது பிறந்தநாளன்றே, அவர் பெயரில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கியது. போதைப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடம் தங்கள் கதையைச் சொல்லும் திட்டத்தை அது நடத்தியது. 2016இல், 18 முதல் 30 வயது வரையிலான பெண்கள் சிகிச்சைக்குப் பிறகு தங்கி மீண்டுவர லண்டனில் ‘ஏமியின் இடம்’ என்ற இல்லத்தைத் திறந்தது. ஏமிக்குக் கிடைக்காமல் போன வயதுகளை வேறு பெண்களுக்குக் கொடுக்கும் முயற்சி அது. கேம்டன் சந்தையில் 2014இல் நிறுவப்பட்ட அவரது ஆளுயரச் சிலையும் அழகானதுதான். ஆனால் எனக்கு அந்த இல்லம்தான் பெரிய அஞ்சலியாகத் தெரிகிறது.

நம்மால் இல்லம் கட்ட முடியாது. சின்னதாகச் சிலவற்றைச் செய்யலாம். யாரோ ஒருவர் தள்ளாடும் காணொளி வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருக்கலாம். நம் வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தால், சிரித்து முடித்த பிறகாவது அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் மதுப்பழக்கத்துக்குச் சிகிச்சை அளிக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி அவரின் குடும்பத்தாரும் அங்கு உதவி நாடலாம். எங்கள் குடும்பத்தில் பாட்டி மட்டும்தான் அதைப் பற்றிப் பேசினார். நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பெல்கிரேட் காணொளி இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம்கூட பல்கலைக்கழகக் குழு ஒன்றில் ஒருவர் அதை அனுப்பியிருந்தார். நான் பாடம் நடத்தவில்லை. ஏபி ரோடில் ஏமியும் டோனி பென்னட்டும் பாடிய காணொளியைப் பதிலாக அனுப்பினேன். “அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பு இப்படிப் பாடினார்” என்று மட்டும் எழுதினேன்.

கொஞ்ச நேரம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு, முதல் காணொளியை அனுப்பியவரே கேட்டிருந்தார்: “இவருடைய வேறு பாட்டு இருந்தால் அனுப்பு.”